ஒரு தடவை கத்தினால்

நாலு மடக்கு நாற்காலி. நாலும் காலி. உட்கார ஆள் கிடையாது, பக்கத்தில் கூடாரம் கிடையாது, ஒரு சட்டி கிடையாது, ஒரு போர்வை கிடையாது. ஆனால் ஒன்பதாம் நம்பர் இடத்துக் கம்பத்தில் பெயர்ச்சீட்டு மட்டும் கிளிப்பில் மாட்டி ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தது. லோரெட்டா வண்டியை நிறுத்தினாள். இன்ஜினைக்கூட அணைக்காமல் ஜன்னல் வழியாக அந்த நாற்காலிகளைப் பார்த்தாள். அவளுக்கு வந்ததே ஒரு கோபம்!

இருபத்தெட்டு வருஷமாக ஜூலைக் கடைசி வாரத்தில் அவள் வந்து இறங்குகிற இடம் அது. எல்க் வளைவு முகாமில் கூடாரம் அடிக்கிற பதினாறு இடங்களில் ஆற்றை ஒட்டினாற்போல இருப்பது அந்த ஒன்பது ஒன்றுதான். அங்கே முன்பதிவெல்லாம் கிடையாது. முதலில் வந்தவருக்கு இடம், அவ்வளவுதான். வருவது என்றால் ஆள் வருவது. வந்து கூடாரம் அடித்து அன்றைக்கு அங்கேயே படுக்க வேண்டும். வனத்துறைக்காரர்கள் வாசல் போர்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நாற்காலியை அனுப்பி இடம் பிடித்துக்கொள்ளலாம் என்று எந்தப் போர்டிலும் இல்லை.

"ஆர்லோ!" என்று கூப்பிட்டாள்.

கூப்பிட்டாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் அவள். கடைசி சீட்டில் ஒருத்தன் இன்னொருத்தன் தலையில் சூயிங்கம் ஒட்டப் போனால், டிரைவர் சீட்டில் இருந்தபடியே ஒரு சத்தம் போட்டு அவன் கையை அந்தரத்தில் நிறுத்திவிடுவாள். அப்படிப்பட்ட தொண்டை. கூப்பிட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கத்தக் கூடாது. சனிக்கிழமை வரைக்கும் பழக வேண்டும், சனிக்கிழமை முழுக்கக் காப்பாற்ற வேண்டும்.

ஆர்லோ ஆடி அசைந்து வந்தார். எழுபத்து நாலு வயது. கோடை முழுக்க முதல் நம்பர் இடத்தில் தன் டிரெய்லர் வீட்டைப் போட்டுக்கொண்டு முகாமைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர். அவர் பின்னாலேயே ஒரு குட்டை நாய்.

"யாரு நாற்காலி இது?" என்றாள் லோரெட்டா. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதால் சத்தம் குறைந்துதான் வந்தது.

"நேத்து சாயங்காலம் ஒருத்தர் வந்தாரு. டெவின்னு பேரு. சீட்ட எழுதி மாட்டிட்டு, குடும்பத்தக் கூட்டிட்டு வரேன்னு போனாரு. வெள்ளிக்கிழம மத்தியானம் வந்துடுவாராம்."

"நேத்து ராத்திரி இங்க படுத்தது யாரு? நாற்காலியா?"

"நான் சொன்னேன் லோரெட்டா. அவரு சரி சரின்னாரு."

"சரி சரின்னா? தூக்கி எறிய வேண்டியதுதானே?"

"நான் கக்கூசுல பேப்பர் மாட்டற ஆளும்மா. போலீசா நானு?" என்றார் ஆர்லோ. "ரேஞ்சர் வந்தா சொல்றேன். அவங்க திங்கக்கிழமதான் வருவாங்க."

திங்கட்கிழமை யாருக்கு வேண்டும்? டெஸ்ஸா வருவது சனிக்கிழமை.

டெஸ்ஸா அவளுடைய ஒரே மகள். மூன்று வருஷமாக வரவில்லை. வராததற்குக் காரணம் இதே ஒன்பதாம் நம்பரில் நடந்ததுதான். மருமகன் நேத்தன், பாவம், நகரத்துப் பையன். நெருப்பைச் சுற்றி அழகாக இருக்கட்டும் என்று ஆற்றுக்குள்ளிருந்து ஈரக்கல்லைப் பொறுக்கி வந்து அடுக்கிவிட்டான். ஈரக்கல் சூடானால் வெடிக்கும். லோரெட்டா அதைப் பார்த்தாள், கத்தினாள். கல்லுக்காக ஒரு நிமிஷம் கத்தியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். கல்லில் ஆரம்பித்து, அவன் வேலை, அவன் வளர்ப்பு, அவன் அம்மா வரைக்கும் போய்விட்டாள். பதினாறு இடத்துக்காரர்களும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். டெஸ்ஸா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினாள். அதன் பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைதான். பேத்தி ஜூனிக்கு இப்போது நாலு வயது. அவள் நடக்க ஆரம்பித்ததையும் பேச ஆரம்பித்ததையும் லோரெட்டா போட்டோவில்தான் பார்த்தாள்.

போன மாதம் டெஸ்ஸாவே போன் செய்தாள். "சனிக்கிழம காலைல ஜூனியக் கூட்டிட்டு வரேம்மா. நேத்தன் வரல. ஒன்னே ஒன்னுதான் கேக்கறேன். நீ ஒரு தடவ கத்தினா, ஒரே ஒரு தடவ, நான் கார எடுத்துட்டு வந்த வழியே போயிடுவேன். அப்புறம் என்னைக் கூப்பிடாத."

"கத்த மாட்டேன்."

"யாரப் பாத்தும்."

"யாரப் பாத்தும் கத்த மாட்டேன்டி."

"ஒன்பதாம் நம்பர்தானே? ஆத்தங்கரைல பான்கேக் போடுவியே, அத ஜூனிகிட்ட சொல்லியிருக்கேன். தெனம் கேக்கறா."

அதனால்தான் அந்த நாலு காலி நாற்காலி அவள் வயிற்றில் நெருப்பைக் கொட்டியது. ஆனாலும் கத்தவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து, பத்தாம் நம்பரில் கொண்டுபோய் நிறுத்தினாள். பத்து என்ன இடம்? ரோட்டுப் பக்கம், கக்கூசுக்கு நேர் எதிரே, வருகிற போகிற வண்டியின் புழுதியெல்லாம் தட்டில் விழும். நெருப்பு மூட்டுவதற்கென்று பதித்திருக்கிற இரும்பு வளையத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் ஆறு தெரியாது, கக்கூஸ் கதவுதான் தெரியும்.

"அவரு வந்ததும் ஒரு வார்த்த கேளேன்," என்றார் ஆர்லோ. "பொண்ணும் பேத்தியும் வராங்க, மூணு வருஷமாச்சு, ஒரு நாளைக்கு இடத்த மாத்திக்கலாமான்னு."

"என் இடத்துக்கு நான் போயி அவன்கிட்ட கெஞ்சணுமா?"

"கெஞ்ச வேணாம். கேளு."

"ரெண்டும் ஒன்னுதான்," என்று சொல்லிவிட்டு அவள் கூடார முளையை அடிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு அடியும் டெவின் என்கிற பெயருக்கு விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்கு ஒரு பரீட்சை வந்தது. பதினொன்றாம் நம்பரில் ஒரு இளம் ஜோடி. கிளம்புகிற அவசரத்தில் அந்தப் பையன் நெருப்பு வளையத்துக்குள் மண்ணை வாரிப் போட்டு மூடிக்கொண்டிருந்தான். லோரெட்டாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எத்தனை பேருக்குச் சொல்லியாயிற்று! இந்த முகாமில் அவளிடம் பாட்டு வாங்காத ஆளே கிடையாது. இரண்டு மூச்சு இழுத்து விட்டாள். பிறகு, பாலர் வகுப்பு டீச்சர் மாதிரி ஒரு குரலை எங்கிருந்தோ கொண்டு வந்தாள்.

"தம்பி, மண்ணப் போட்டா நெருப்பு சாகாது. ஒளிஞ்சுக்கும். உள்ளுக்குள்ள நாள் முழுக்க கங்கா கெடக்கும். தண்ணி ஊத்து. கிளறு. மறுபடியும் ஊத்து. அப்புறம் கையால தொட்டுப் பாரு. உன் கை தாங்கலைன்னா அது இன்னும் அணையல."

"தேங்க்ஸ் மேடம்," என்றான் பையன், வாளியை எடுத்துக்கொண்டு.

அவ்வளவுதான்! கத்தாமலே வேலை நடந்துவிட்டது. லோரெட்டாவுக்கே ஆச்சரியம். நாளைக்கும் இதே குரல்தான் என்று முடிவு கட்டிக்கொண்டாள். பாத்திரம் கழுவும்போது, "ஜூனி, அங்க வேண்டாம் கண்ணு", "ஜூனி, இங்க வாடா தங்கம்" என்று சன்னமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அந்தக் குரலைத் தன் தொண்டையிலிருந்து கேட்க அவளுக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

மத்தியானம் டெவின் வந்தான். வண்டியா அது? ஒரு வீட்டைப் பெயர்த்துச் சக்கரத்தில் வைத்த மாதிரி வந்து ஒன்பதாம் நம்பரை அடைத்துக்கொண்டு நின்றது. ஆறு தெரிந்த கொஞ்ச நஞ்ச இடைவெளியும் போயிற்று. முப்பத்தைந்து வயதிருக்கும் அவனுக்கு. மனைவி, இரண்டு குழந்தைகள். இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஜெனரேட்டரைப் போட்டான். தட தட தடவென்று ஆரம்பித்ததுதான். பறவைச் சத்தம் போயிற்று, தண்ணீர்ச் சத்தம் போயிற்று, எதிரே இருப்பவர் வாய் அசைவதுதான் மிச்சம்.

லோரெட்டா போய் ஒன்பதாம் நம்பர் ஓரத்தில் நின்றாள். பாலர் வகுப்புக் குரல் இந்தச் சத்தத்தில் எடுபடாது. அதனால் பக்கத்திலேயே போய், "கொஞ்சம் நிறுத்த முடியுமா?" என்றாள்.

"சாரி மேடம், உள்ள ஏசி ஓடணும். பசங்களுக்கு வெயில் தாங்காது."

"காட்டுக்கு வந்துட்டு ஏசியா?"

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு ஒன்றுமில்லை, ஆனால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போர்டுல பாத்தேன் மேடம். காலைல எட்டுலேந்து ராத்திரி எட்டு வரைக்கும் போட்டுக்கலாம்னு இருக்கு. ரூல்ஸ்படிதான்."

"ரூல்ஸா? நாற்காலி போட்டு எடம் புடிக்கறது எந்த ரூல்ஸ்ல இருக்கு? அந்தப் போர்ட கீழ வரைக்கும் படிச்சுப் பாருங்க. அரைகுறையா படிக்கறதுக்கா எழுதிப் போட்டிருக்கான்?"

அவன் முகம் சுண்டிப் போயிற்று. "அது... தெரியாம..." என்று இழுத்தான். அந்த நேரத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் மகள் வருகிறாள், பேத்தி வருகிறாள், காலையில் ஒரு இரண்டு மணி நேரம் அந்த வளையத்தை எனக்குக் கொடு என்று கேட்டிருக்கலாம். கொடுத்திருப்பான், பாவம். அவள் கேட்கவில்லை. சொல்லால் குத்திவிட்ட திருப்தியில் திரும்பி நடந்தாள். கத்தவில்லை என்கிற பெருமை வேறு.

சனிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் எழுந்துவிட்டாள். ஹக்கிள்பெரி என்கிற நீலக் காட்டுப்பழத்தை முந்தின நாளே மலைச்சரிவில் ஏறிப் பறித்து வைத்திருந்தாள். மாவைக் கரைத்தாள். பத்தாம் நம்பர் வளையத்தின் முன்னால் நின்று பார்த்தாள். எதிரே கக்கூஸ் கதவு திறந்து மூடியது. நாலு வயதுக் குழந்தையிடம் ஆற்றங்கரை என்று சொல்லிக் கூட்டி வந்து இதையா காட்டுவது?

கீழே, ஒன்பதுக்கும் பத்துக்கும் பொதுவாக ஒரு சின்ன மணல் திட்டு ஆற்றுக்குள் இறங்கியிருந்தது. அங்கே வளையம் கிடையாது. ஜூலை பாதி தாண்டினால் இரும்பு வளையத்துக்கு வெளியே ஒரு குச்சியைக்கூடக் கொளுத்தக் கூடாது. அதுவும் போர்டில்தான் இருக்கிறது. இதற்காக அவள் எத்தனை பேரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறாள்! ஆனால் அன்றைக்கு அவள் மனசு வேறு கணக்குப் போட்டது. மணல்தானே. பக்கத்திலேயே ஆறு. சின்ன நெருப்பு. என்னைவிட ஜாக்கிரதையான ஆள் இந்த இடாஹோ மாநிலம் முழுக்க யார்? இடத்தைப் பறித்துக்கொண்டது அவன்; இல்லாவிட்டால் நான் ஏன் இங்கே வருகிறேன்?

ஒரு சாண் குழி தோண்டி, காய்ந்த சுள்ளியும் நாலு பைன் கட்டையும் வைத்துக் கொளுத்தினாள். நெருப்பு பிடித்து, கட்டை விழுந்து, நல்ல கங்காயிற்று. இரும்பு வாணலியை வைத்து ஒரு சின்ன பான்கேக்கை ஊற்றிப் பார்த்தாள். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் நீலமாகப் பழம் வெடித்து, அதே வாசனை. டெஸ்ஸா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூடாரத்திலிருந்து வெளியே வருகிற அந்த வாசனை. அவளுக்கு ஒரு நிமிஷம் எல்லாக் கோபமும் போயிற்று.

சரியாக எட்டு மணிக்கு ஜெனரேட்டர் ஆரம்பித்தது. கூடவே, காபிக் கோப்பையும் கையுமாக டெவின் மணலில் இறங்கி வந்தான்.

"குட் மார்னிங் மேடம். ஒன்னு சொல்லலாமா?" என்றான் கொஞ்சம் சத்தமாக.

"என்ன?"

"நெருப்பு வளையத்துக்குள்ள மட்டும்தான் போடணும்னு இருக்கு. நீங்க சொன்னீங்களேன்னு நேத்து போர்ட முழுசா படிச்சேன். கீழ வரைக்கும்."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அறைந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். இருபத்தெட்டு வருஷமாக இந்த முகாமில் ஒரு ஆள் அவளைப் பார்த்து விதி சொன்னது கிடையாது. சொன்னவன் யார்? நாற்காலி போட்டு இடம் பிடித்தவன்! அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய சத்தம் புறப்பட்டு வந்துவிட்டது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் மேலே ரோட்டில் புழுதி கிளம்பியது. பச்சைக் கார். ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள் டெஸ்ஸா.

வாயை மூடிக்கொண்டாள். மூடியது வாய்தான், கோபம் காலுக்கு இறங்கியது. வாளி மேலே கூடாரத்துப் பக்கம் கிடந்தது. ஆறு பத்தடி தூரம். யார் இப்போது போய் அள்ளிக்கொண்டிருப்பது, இவன் நின்று பார்க்க, மகள் வந்து பார்க்க? பூட்ஸ் காலால் மணலை உதைத்தாள். ஒரு உதை, இரண்டு உதை, பத்து உதை. ஒவ்வொரு உதையும் அவன் மூஞ்சியில் விழுவதாக நினைத்துக்கொண்டே உதைத்தாள். கங்கு மறைந்தது, புகை நின்றது. காலால் தேய்த்து மட்டமாக்கினாள். அங்கே நெருப்பு இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

"போதுமா?" என்றாள் மெல்லிய குரலில். வாணலியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள். அப்புறம் வந்து தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நினைக்கத்தான் செய்தாள்.

கார்க் கதவு திறந்து ஜூனி இறங்கினாள். போட்டோவில் பார்த்ததைவிடச் சின்னது, முகம் மட்டும் அப்படியே டெஸ்ஸா. மஞ்சள் செருப்பு. "நீதான் பஸ் பாட்டியா?" என்றாள்.

"ஆமாண்டி செல்லம். பஸ் பாட்டிதான்."

"பஸ் எங்க?"

"பஸ்ஸுக்கு லீவு விட்டாச்சு."

டெஸ்ஸா வந்து கட்டிக்கொண்டாள். முதலில் விறைப்பாகத்தான், பிறகு கொஞ்சம் தோள் இளகியது. "பத்தாம் நம்பரா?" என்று சுற்றிலும் பார்த்தாள். ஒன்பதில் நின்ற வண்டியைப் பார்த்தாள், ஜெனரேட்டரைக் கேட்டாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "இதுக்கு நீ கத்தலியா?"

"இல்லியே."

"நெஜமா?"

"வேணும்னா ஆர்லோவக் கேளு."

டெஸ்ஸா சிரித்தாள். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு. லோரெட்டாவுக்கு உலகமே கைக்குள் வந்துவிட்டது. கேஸ் அடுப்பில் மீதி மாவை ஊற்றினாள். புழுதி விழுந்தால் விழட்டும், கக்கூஸ் கதவு ஆடினால் ஆடட்டும். ஜூனி வாயெல்லாம் நீலமாக ஐந்து பான்கேக் தின்றாள். ஜெனரேட்டர் சத்தத்துக்காகத் தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்து டெஸ்ஸா வேலையைப் பற்றிச் சொன்னாள், வீட்டைப் பற்றிச் சொன்னாள். கடைசியில், தட்டைப் பார்த்தபடியே, "இந்தத் தடவ நல்லபடியா போச்சுன்னா அடுத்த வருஷம் நேத்தனும் வரேன்னான்," என்றாள்.

"அவன் வரட்டும். கல்லு பொறுக்கினா நானும் சேர்ந்து பொறுக்கறேன்."

"அம்மா!" என்று டெஸ்ஸா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரு மணி நேரம் ஓடிப்போயிற்று. அந்த ஒரு மணி நேரமும் மணல் திட்டு லோரெட்டாவின் ஞாபகத்திலேயே இல்லை.

ஜூனி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, "தண்ணிக்குப் போறேன்!" என்று இறங்கி ஓடினாள். "ஓரத்துலயே நில்லு," என்றாள் டெஸ்ஸா, தட்டுகளை அடுக்கிக்கொண்டே. லோரெட்டா நிமிர்ந்து பார்த்தாள். ரோஜா நிறக் குட்டிப் பாதங்கள் புல்லைத் தாண்டி மணலில் இறங்கின. நேராக ஓடிற்று குழந்தை. எதிரே மணல் மட்டமாக, சுத்தமாக, யாரோ விளையாடுவதற்கென்றே தேய்த்து வைத்த மாதிரி கிடந்தது.

லோரெட்டாவுக்கு ஞாபகம் வந்தது.

ஒரு சத்தம் போட்டால் போதும். பஸ்ஸின் கடைசி சீட்டில் கையை அந்தரத்தில் நிறுத்திய அதே சத்தம். அது அடிவயிற்றில் கிளம்பி வந்துவிட்டது. ஆனால் இரண்டு நாளாக அது வருகிற போதெல்லாம் தொண்டையில் கதவைச் சாத்திச் சாத்திப் பழக்கியிருந்தாளே! கதவு தானாகவே சாத்திக்கொண்டது. பக்கத்தில் டெஸ்ஸா நின்றாள். வாயிலிருந்து வந்தது பாலர் வகுப்புக் குரல்தான்.

"ஜூனி, அங்க வேண்டாம் கண்ணு..."

பக்கத்தில் நின்ற டெஸ்ஸாவுக்கே அது கேட்கவில்லை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து வந்த அலறல் ஜெனரேட்டரையும் மீறிக் கேட்டது. குழந்தை வலது காலைத் தூக்கியது, தடுமாறியது, மறுபடியும் அதே காலை அதே இடத்தில் ஊன்றியது. லோரெட்டா ஓடினாள். அவளுக்கு முன்னால் டெவின் ஓடினான். கரையிலிருந்து நாலே தாவலில் வந்து குழந்தையை வாரி எடுத்து, பேன்ட்டும் ஷூவுமாக ஆற்றுக்குள் இறங்கி உட்கார்ந்து, அந்தக் காலைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டான்.

"எடுத்துடாதீங்க! இருபது நிமிஷம் தண்ணிலயே இருக்கட்டும்!" என்று ஆர்லோ மருந்துப் பெட்டியோடு ஓடி வந்தார். யாரோ ஜெனரேட்டரை அணைத்தார்கள். குழந்தை கத்திக் கத்தித் தொண்டை கட்டி, அப்புறம் விசும்ப ஆரம்பித்தது. பாதத்தின் நடுவில் தோல் வெளுத்து, கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. விரல்களுக்குக் கீழேயும் ஒன்று.

டெஸ்ஸா முட்டளவு தண்ணீரில் நின்று மகளின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி மணலைப் பார்த்தாள். குழந்தையின் கால் கலைத்த இடத்தில் சிவப்பாகக் கங்கு கண்ணைக் காட்டியது.

"எந்த முட்டாள்டா இங்க நெருப்பப் போட்டுப் பொதைச்சான்?" என்று கத்தினாள் டெஸ்ஸா. அம்மாவின் தொண்டைதான் அவளுக்கும். "மனுஷனா அவன்? கொழந்தைங்க வெளையாடற எடத்துல! யாரு?"

டெவின் தலையைத் தூக்கி லோரெட்டாவைப் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு தலையைக் குனிந்து குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டான். அவன் அவளைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவனை வெறுக்கவாவது முடிந்திருக்கும்.

"நான்தான்," என்றாள் லோரெட்டா.

டெஸ்ஸாவுக்குப் புரியவில்லை. "என்ன நான்தான்?"

"நான்தான் போட்டேன். காலைல. உனக்காக... பான்கேக்குக்கு. கோவத்துல மண்ணத் தள்ளி மூடிட்டேன்."

"நீயா?" டெஸ்ஸாவின் முகம் அப்படியே நின்றது. "தண்ணி ஊத்து, கிளறு, தொட்டுப் பாருன்னு என்னை எத்தன தடவ அடிக்காத கொறையா சொல்லிக் கொடுத்த? நீயா?"

லோரெட்டா தலையை ஆட்டினாள்.

"அவ எறங்கி ஓடினப்ப நீ என் பக்கத்துலதான நின்ன? அவ ஓடறதப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்."

"நெருப்பு இருக்குன்னு ஞாபகம் வந்துதா இல்லியா?"

"வந்துது."

"அப்புறம் ஏம்மா கத்தல?" டெஸ்ஸாவின் குரல் உடைந்தது. "எல்லாத்துக்கும் கத்துவியே! கல்லுக்குக் கத்தின, என் புருஷனப் பாத்துக் கத்தின, ஊர்ல ஒருத்தன் விடாம கத்தின! என் கொழந்த நெருப்புல கால் வைக்கறா, இதுக்கு ஏன் நீ கத்தல?"

நாக்கு நுனியில் பதில் இருந்தது. நீதானடி கத்தாதே என்றாய். ஒரு தடவை கத்தினால் போய்விடுவேன் என்றாய். சொன்னால் அது உண்மைதான். ஆனால் அந்த நெருப்பை டெஸ்ஸா போடவில்லை, டெஸ்ஸா புதைக்கவில்லை. லோரெட்டா அந்தப் பதிலை விழுங்கினாள். விழுங்கிய எல்லாக் கோபத்தையும்விட அதுதான் கசந்தது.

ஆர்லோ காலில் ஈரத்துணியைச் சுற்றிக் கட்டினார். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி நாற்பது மைல். டெவினின் மனைவி ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து காரில் வைத்தாள். டெவின் குழந்தையைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தான். லோரெட்டா மஞ்சள் செருப்புகளைத் தேடி எடுத்து வந்து நீட்டினாள். "நானும் வரேன்," என்றாள்.

டெஸ்ஸா செருப்பை மட்டும் வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். கார் போயிற்று. சொன்ன மாதிரியே வந்த வழியே போயிற்று.

லோரெட்டா வாளியை எடுத்துக்கொண்டு மணல் திட்டுக்கு இறங்கினாள். ஆற்றில் முக்கி எடுத்து ஊற்றினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. குச்சியால் கிளறினாள். மறுபடியும் ஊற்றினாள். டெவின் தன் வாளியோடு வந்து, கேட்காமலே, அவனும் ஊற்றினான். பேன்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "கொழந்தைக்கு ஒன்னும் ஆகாது மேடம்," என்றான். "சரியாயிடும். நான் அந்த ஜெனரேட்டரப் போட்டிருக்கக் கூடாது." அவளுக்கு அவன் மேல் கோபப்பட ஒரு காரணம்கூட மிச்சமில்லை.

முட்டி போட்டு உட்கார்ந்து, கரியும் சேறுமான குழிக்குள் கையை வைத்தாள். இன்னும் சுட்டது. எடுக்காமல் வைத்திருந்தாள். டெவின் இன்னொரு வாளி ஊற்றினான். பிறகு இன்னொன்று. கடைசியில் குளிர்ந்துவிட்டது. ஆற்றுத் தண்ணீர் மாதிரியே குளிர்ந்துவிட்டது.

அப்போதுதான் அது வெளியே வந்தது. அவள் கூப்பிடவில்லை, அதுவாகத் தொண்டையைத் திறந்துகொண்டு வந்தது.

"ஜூனீ! நில்லு! அங்கயே நில்லுடீ!"

அக்கரை மலையில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வந்தது. ஆர்லோவின் நாய் குரைத்தது. பதினாறு இடத்துக்காரர்களும், மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த மாதிரியே, என்ன ஆயிற்று என்று வெளியே வந்து பார்த்தார்கள். மணலில் யாரும் ஓடவில்லை.